இருபத்தேழாம் சங்கீதத்துக்குப் போகும் வழி

என் கணவர் பர்னெல் டிஸ்டேலுக்கு இருபத்தேழு என்று சொல்ல வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து கிளம்பியாக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக ஏறி, இருபத்தாறைத் தாண்டி, இருபத்தேழில் காலை ஊன்றி நிற்க வேண்டும். நடுவில் யாராவது தும்மினால் போச்சு, மறுபடி ஒன்று. சில நாள் நிற்க முடியாமல் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று வழுக்கிக்கொண்டே போய்விடுவார். அதற்கும் மருந்து மறுபடி ஒன்றுதான்.

பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது கை பாதி திரும்பி வந்தது, பேச்சு கால்வாசிகூட வரவில்லை. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான்: வரிசையாக மனதில் படிந்துபோனவை தப்பித்துவிட்டன, தேடிப் பொறுக்கி எடுக்க வேண்டிய சொற்கள்தான் காணாமல் போய்விட்டன. அதனால் அவருக்குப் பாட்டு வரும், எல்லாச் சரணமும் வரும். கிழமைகள் வரும், மாதங்கள் வரும், கர்த்தருடைய ஜெபம் வரும். கெட்ட வார்த்தை ஒன்று வரும், அதுவும் சுத்தமாக வரும். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை அது. ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் என்று சொல்ல வராது.

எண்களும் அப்படித்தான். மருந்துக்கடையில் மருந்து கொடுக்கும் பெண் பிறந்த தேதி கேட்பாள். இவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரி என்று ஆரம்பிப்பார். பின்னால் வரிசை நீளும். ஒருவர் பெருமூச்சு விடுவார், ஒருவர் போனை எடுப்பார். ஆகஸ்டு வருவதற்குள் நான் பாய்ந்து முழுத் தேதியையும் சொல்லிவிடுவேன். வீடு வந்து சேரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நான் பொறுமைசாலி இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தியவள், ஒரு மணி அடிப்பதற்கும் அடுத்த மணி அடிப்பதற்கும் நடுவில் பள்ளி முழுவதற்கும் சோறு போட்டவள். என் எதிரில் எவரும் தட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில்லை. இப்போது தினமும் காலையில் எதிர் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, முட்டை ஒன்றா இரண்டா என்பதற்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை என்று சொன்னால் பாதிப் பொய்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கன் லின்வுட் கிரேசன் வீட்டுக்கு வந்தார். எங்கள் பெனியேல் ஊற்று பாப்டிஸ்ட் சபையில் ஊழியத்துக்குப் பொறுப்பான டீக்கன்மாருக்கெல்லாம் தலைவர் அவர். பர்னெலும் ஒரு டீக்கன்தான். கையில் மனைவி பீச் பழம் போட்டுச் சுட்டுக் கொடுத்த கோப்ளர், இன்னும் சூடாக இருந்தது. எங்கள் ஊரான டொலீடோவில் ஒருவர் சும்மா வந்தால் வெறுங்கையோடு வருவார். பலகாரத்தோடு வந்தால் ஏதோ கெட்ட சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை டீக்கன்மார் தினம். அன்றைக்கு பர்னெலுக்கு ஒரு கேடயம் கொடுத்து அவரைக் கௌரவ டீக்கன் ஆக்குவதென்று எல்லோரும் கூடி முடிவு செய்திருக்கிறார்களாம்.

"கௌரவ டீக்கன்னா என்ன வேலை?" என்று கேட்டேன்.

"வேலை ஒண்ணும் இல்ல, சிஸ்டர் டிஸ்டேல். அதுதானே கௌரவம்."

பர்னெலுக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகவே இருக்கிறது. நாற்காலியிலிருந்து, "இல்ல" என்றார். பிறகு அந்தக் கெட்ட வார்த்தையையும் சொன்னார். கிரேசன் கோப்ளரைப் பார்த்துக்கொண்டே, யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை, ஆனால் எங்கள் சபையில் டீக்கன் என்றால் முறை வரும்போது ஆராதனைக்கு முன்னால் எழுந்து நின்று வேதம் வாசிக்க வேண்டும், இவரோ ஒன்றரை வருஷமாக எழுந்திருக்கவில்லை, நான் என்ன செய்யட்டும் என்றார். பர்னெல் நல்ல கையால் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்து விரலைக் கீழே காட்டி, "ஞாயிறு" என்றார். திங்கள் செவ்வாய் என்று ஏறாமல் நேராக ஞாயிறு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கிரேசன் என்னைப் பார்த்தார். நான் கோப்ளரைப் பார்த்தேன். இந்த ஞாயிறு அவரே வாசிக்கட்டும், வாசித்துவிட்டால் அவர் டீக்கனாகவே இருப்பார், முடியாவிட்டால் கேடயம் என்று பேச்சு முடிந்தது. கேடயத்தில் பேரெல்லாம் ஏற்கெனவே பொறித்தாயிற்று என்பதைக் கிரேசன் வாசற்படியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னார்.

வாசிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, அதுதான் வேடிக்கை. பைபிளில் இருக்கும் இருபத்தேழாம் சங்கீதம் அவருக்குத் தண்ணீர்ப்பட்ட பாடு. டீக்கனாக்கப்பட்ட நாளில் வாசித்தது அது, அதற்கப்புறம் முறை வரும்போதெல்லாம் வாசித்ததும் அதுதான். பக்கவாதம் வந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் முதன்முதலாக வாய் திறந்தபோதும் அந்தச் சங்கீதம்தான் வந்தது, ஒரு வார்த்தை பிசகாமல் முழுவதும் வந்தது. நர்ஸ் அழுதுவிட்டாள். நான் குணமாகிவிட்டது என்று மகளுக்குப் போன் போட்டேன். போனை வைத்துவிட்டு, உனக்கு என்ன வேணும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அரைமணி நேரம்கூட ஆயுசு இருக்கவில்லை.

கஷ்டம் வாசிப்புக்கு முன்னால் இருக்கிறது. எங்கள் சபையில் வேத வார்த்தையை அட்ரஸ் சொல்லாமல் யாரும் வாசிக்கக் கூடாது. முதலில் புத்தகத்தின் பெயர், அப்புறம் அதிகாரம், அப்புறம் வசனம். அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும், இரண்டு தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, கிடைத்தவர்கள் ஆமென் சொல்லுங்கள், கிடைக்காதவர்கள் பொறுங்கள் என்று சொல்லுங்கள் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் அடங்கி, எல்லோரிடமிருந்தும் ஆமென் வந்த பிறகுதான் வாசிக்க வேண்டும்.

இதில் பர்னெலைப்போலக் கறாரான ஆள் கிடையாது. ஒரு இளம் டீக்கன், "பத்தாம் வசனம், மூன்றாம் அதிகாரம், யோவேல்" என்று தலைகீழாகச் சொன்னதற்கு, வீட்டு நம்பரை முதலில் சொல்லிவிட்டு ஊர்ப் பேரைக் கடைசியில் சொன்னால் டாக்ஸிக்காரன் எங்கே போவான் என்று கேட்டார். ஆனால் தேடுகிறவர்களிடம் தங்கமானவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யாராவது "பொறுங்க" என்று முனகினால், "அவசரம் இல்ல சிஸ்டர், வார்த்தை எங்கயும் ஓடிடாது" என்பார். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம், அதே குரல். நான் பெஞ்சில் உட்கார்ந்து, அடுப்பில் இருக்கிற இறைச்சி ஓடாது, ஆனால் கருகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆக அவருடைய அட்ரஸ் இது: சங்கீதம், இருபத்தேழு, பதின்மூன்றாம் வசனம் முதல். கடைசி இரண்டு வசனங்கள்தான் அவருக்குப் பிரியம். உயிரோடிருக்கிறவர்களின் தேசத்திலே நன்மையைக் காண்பேன் என்று நம்பியதும், காத்திரு என்று சொல்வதும் அங்கேதான். சங்கீதம் என்ற சொல் வந்துவிடும். அப்புறம் இருபத்தேழு வரை ஒரு ஏற்றம், பதின்மூன்று வரை ஒரு ஏற்றம். அதையே இரண்டாம் தடவையும் ஏற வேண்டும். நினைக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது.

"முதலாம் சங்கீதம் எடுத்துக்கோய்யா," என்றேன் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது. "சங்கீதம் ஒண்ணு, வசனம் ஒண்ணு. ரெண்டு ஒண்ணு சொன்னா வேலை முடிஞ்சுது. அதுவும் கர்த்தரோட வார்த்தைதானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"சரி, அட்ரஸைக் கிரேசன் சொல்லட்டும், நீ வாசி. யார் என்ன சொல்லப் போறாங்க?"

முள்கரண்டியைக் கீழே வைத்தார். வாடகைக்கு ஒரு மனைவி கொண்டுவரச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவருக்கு ஒரு வழி காட்டிக் கொடுத்திருந்தாள். ஒன்றிலிருந்து சத்தமில்லாமல் உதட்டாலேயே எண்ணிக்கொண்டு போ, வேண்டிய எண் வந்ததும் குரலைக் கொடு என்பதுதான் அது. கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் மௌனம், அப்புறம் இருபத்தேழு. வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையில் ஆரம்பித்தார். உதடு அசைந்துகொண்டே போயிற்று. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கூடவே எண்ணினேன். இருபத்து நாலு இருக்கும், அவர் நெற்றி சுருங்கியது.

"இருபத்தேழு," என்றேன் நான்.

வேண்டுமென்று சொல்லவில்லை, என் வாய் அப்படி. அவர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார், காப்பி சிந்தியது. மறுபடி ஒன்றிலிருந்து. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பாதியில் தொலைபேசி வந்தது, மகள் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள். "அஞ்சு மணிக்கு வா" என்றேன். அந்த ஐந்து போய் அவருடைய எண்ணிக்கையில் விழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அவர் பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சாவி என்னிடம்தான் இருக்கிறது. நகராத வண்டியில் உட்கார்ந்து அவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். என்னிடமிருந்து தப்பிக்க அதுதான் இடம் என்று ஆகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் அடுப்பு முழுவதையும் கழற்றித் துடைத்தேன்.

சனிக்கிழமை மதியம் உள்ளே வந்தார். நேராக நின்று, "சங்கீதம்" என்றார். மௌனம். "இருபத்தேழு." மௌனம். "பதிமூணு." எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டினால் அதுவும் கெடும் என்று பயந்து ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டேன்.

அந்த வழியில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மௌனம் வேண்டும். எங்கள் சபையில் மற்றதெல்லாம் கிடைக்கும், மௌனம் மட்டும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. வழக்கமாக ஆராதனைக்கு முந்தின வேத வாசிப்புக்கு நாலு கிழவிகள்தான் வருவார்கள். அன்று டீக்கன்மார் தினம் என்பதால் தொப்பியும் கோட்டுமாக எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் கிரேசன் இருந்தார். அவருடைய பெஞ்சுக்கு அடியில் வெல்வெட் துணி சுற்றிய ஒரு பலகை. அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பர்னெல் கைத்தடி இல்லாமல் முன்னால் போனார். மேசையில் பைபிளை வைத்து இடது கையால் திறந்தார். "சங்கீதம்," என்றார். குரல் நன்றாக இருந்தது, பழைய குரல்.

பிறகு உதடு அசைந்தது. மௌனம் ஆரம்பித்தது.

நான் எண்ணினேன், ஏழு வரைக்கும்தான் போயிருப்பார். "நிதானமா சொல்லுங்க டீக்கன்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "அவருக்கு உதவி செய்யும் ஆண்டவரே," என்றது இன்னொரு குரல். எல்லாம் அன்புதான், மேடையில் யார் தடுமாறினாலும் நாங்கள் சொல்வதுதான். ஆனால் அவருடைய உதடு நின்றுவிட்டது. கண்ணை மூடித் திறந்தார். மறுபடி தொடங்கினார். "நேரம் எடுத்துக்கோங்க." "ஆமாம் ஆண்டவரே." மறுபடி நின்றது. மூன்றாம் தடவை, அந்தக் குரல்களுக்கு மேலே தன் எண்ணிக்கையைத் தானே கேட்க வேண்டியிருந்ததால், சத்தமாகவே எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு."

"ஆமாம்," என்றது சபை.

"ரெண்டு."

"சொல்லுங்க."

"மூணு."

"நல்லது."

எங்கள் ஜனங்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவர் முன்னால் நின்று தாளம் பிசகாமல் எதையாவது சொன்னால் பதில் சொல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. இவர் இறைவன் செய்த நன்மைகளை எண்ணுகிறார் என்று பாதிப்பேர் நினைத்துவிட்டார்கள். ஆறு வரும்போது ஆர்கன் வாசிக்கும் ஜெராலின் அடியில் மெதுவாக ஒரு சுரத்தை நுழைத்தாள். ஒன்பதுக்குக் கைதட்டல் சேர்ந்துகொண்டது. பத்துக்கு ஒரு தொப்பி எழுந்து நின்றது. பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்த பர்னெல் அப்படியே நின்று சுற்றிலும் பார்த்தார். தீப்பிடித்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, வெளியே நின்று வாழ்த்துப் பாடுகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்போது ஒரு புண்ணியவான் கத்தினார்: "இருபத்தேழு, டீக்கன். உங்க சங்கீதம்தானே, எங்களுக்குத் தெரியாதா?"

அதுதான் உண்மை. எல்லோருக்கும் தெரியும். அவர் மேடை ஏறும்போதே பாதிப்பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த அட்ரஸ் தேவைப்படாத கட்டடத்தில் நின்றுகொண்டு அவர் அட்ரஸ் சொல்ல மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கிரேசன் எழுந்து போனார். பர்னெலின் தோளைச் சுற்றிக் கை போட்டார், அவர் கண்ணிலும் தண்ணீர்தான், நடிப்பு இல்லை. மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "சபையே, சங்கீதம் இருபத்தேழு, பதிமூணாம் வசனம் முதல். கிடைச்சவங்க ஆமென் சொல்லுங்க."

கூரை அதிரும்படி ஒரு ஆமென் வந்தது. இப்போது வாசிக்கலாம். கதவு திறந்தாயிற்று, உள்ளே நடக்க வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் ஈரக் கண்ணோடு காத்திருந்தார்கள். பர்னெல் பைபிளை மூடினார்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். மருந்துக்கடையிலிருந்து வீடு வரைக்கும் என் பக்கத்து சீட்டில் இருக்கும் முகம் அது. இத்தனை நாளும் அதை நான் பக்கவாட்டில்தான் பார்த்திருந்தேன், அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். கிரேசன் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னால் விவரிக்க முடியாது. அவர் செய்ததெல்லாம் நான் தினமும் செய்வதுதான் என்பதால் அது இரண்டு மடங்காக வந்தது.

எழுந்து நின்றேன்.

"லின்வுட் கிரேசன், வந்து உட்காரும்."

அவர் திரும்பினார். "சிஸ்டர் டிஸ்டேல், நான் உதவிக்குத்தான்..."

"தெரியும். உட்காரும். ஜெராலின், கையை எடு. முழுசா எடு, மடியில வை." அப்புறம் சபையைப் பார்த்துத் திரும்பினேன், என் குரல் சமையலறைக் குரலாகிவிட்டது. "அவரு ஒண்ணுலேர்ந்து எண்ணித்தான் அங்க போக முடியும். நீங்க வாயைத் திறந்தா வழி தப்பிடுது. யாரும் ஆமாம் சொல்லாதீங்க, ஆமென் சொல்லாதீங்க, ஆண்டவரையும் கூப்பிடாதீங்க. அவருக்கு விஷயம் தெரியும்."

பாஸ்டர் மேடையில் வாயைத் திறக்கப் பார்த்தார். அவரையும் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

பெனியேல் ஊற்று சபை வாயை மூடிக்கொண்டு இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சூடேற்றும் குழாய் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு பஸ் போயிற்று. பர்னெல் பைபிளைத் திறந்து வைத்தார். "சங்கீதம்," என்றார். "ஒண்ணு. ரெண்டு."

சத்தமாகவே எண்ணினார், உதட்டு எண்ணிக்கையெல்லாம் விட்டுவிட்டார். இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு.

தாண்டிவிட்டார். இருபத்தொன்பது. முப்பது. சபை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது, முன்வரிசையில் கிரேசன் இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என் நாக்கில் இருபத்தேழு என்ற சொல் உட்கார்ந்திருந்தது. கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்தேன், நிஜமாகவே கடித்தேன். முப்பத்து மூன்றில் அவர் தானாக நின்றார். தலையை ஆட்டினார். அந்தக் கெட்ட வார்த்தையை, மைக் முன்னால், கர்த்தருடைய வீட்டில், தெளிவாகச் சொன்னார். ஒரு தொப்பிகூட அசையவில்லை.

"ஒண்ணு," என்றார்.

இந்த முறை இருபது தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு எண்ணிலும் கால் வைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்தது. இருபத்தாறில் நின்று மூச்சு விட்டார். "இருபத்தேழு." உடனே நல்ல கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளே இருபத்தெட்டு முட்டி மோதுவதை என்னால் பார்க்க முடிந்தது. அது அடங்கியதும் கையை எடுத்தார். வசனத்துக்கு மறுபடி ஒன்று. பதின்மூன்றில் ஒரு வழுக்கலும் இல்லை.

அப்பாடா என்று நான் உட்காரப் போனேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். இரண்டாம் தடவை. இரண்டு தடவை சொல்ல வேண்டும் அல்லவா?

அடப்பாவி மனிதா என்று மனதுக்குள் சொன்னேன். யார் கேட்டார்கள்? அதை விட்டால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் விடவில்லை, "சங்கீதம், ஒண்ணு" என்று மறுபடி அடிவாரத்திலிருந்து கிளம்பிவிட்டார். வீட்டில் இறைச்சி அடுப்பில் இருந்தது. சபையில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ இறைச்சிகள் அடுப்பில் இருந்திருக்கும். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கிரேசன் குனிந்து, வெல்வெட் சுற்றிய பலகையைக் காலால் பெஞ்சுக்கடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

"இருபத்தேழு," என்றார் பர்னெல். "பதிமூணு."

அடுத்து அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்த அறிவிப்பு வரிசையாகப் படிந்த சங்கதி, அது அப்படியே வந்தது. "கிடைச்சவங்க ஆமென் சொல்லுங்க. கிடைக்காதவங்க பொறுங்கன்னு சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. நான்தானே சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தேன்? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பர்னெலும் என்னைத்தான் பார்த்தார். ஆமென் வராமல் அவர் வாசிக்க மாட்டார். முதல் ஆமென்னை நான் சொல்லியாக வேண்டும்.

என் பைபிள் மடியில் இருந்தது, ஜிப் போட்ட உறைக்குள். அதை நான் திறக்கவே இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்துக்கு எதற்குத் திறப்பது என்று எத்தனையோ வருஷமாகத் திறந்ததில்லை, அவர் அட்ரஸ் சொல்லும்போதெல்லாம் மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஆமென் சொல்லிவிடுவேன். அது அவருக்கும் தெரியும். இந்த மனிதர் நாலு தடவை மலையேறிச் சொன்ன அட்ரஸுக்கு, தேடாமல் ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜிப்பை இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது.

"பொறு, பர்னெல்," என்றேன்.

அவர் மேசையில் சாய்ந்து நின்றார். அவர் முகத்திலிருந்த அந்த மருந்துக்கடை முகம் எங்கேயோ போய்விட்டது.

"அவசரம் இல்ல சிஸ்டர்," என்றார், ஒரு சொல்கூடத் தடுக்காமல். "வார்த்தை எங்கயும் ஓடிடாது."

ஜிப் வந்தது. புத்தகத்தை நடுவில் பிளந்தேன், நீதிமொழிகளில் விழுந்தது. பின்னால் புரட்டினேன், அதிகமாகப் போய்விட்டது, யோபு வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றதால் எண் ஒன்றும் தெரியவில்லை. சங்கீதத்தின் முதல் பக்கத்துக்குப் போய், ஒன்றாம் சங்கீதத்தில் விரலை வைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அவர் காத்திருந்தார்.